வன்னி வெயிலுக்குத் தாங்கும் மலிவு ரேம்: எதை வாங்குவது, எப்படி ஓவர்கிளாக் செய்வது

மலிவு ரேம் வாங்கி ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப் போகிறவர்கள் இரண்டு எண்களைத்தான் பேசுகிறார்கள்: பெட்டியில் அச்சிட்ட வேகம், கடைக்காரர் சொல்லும் விலை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ வீட்டில் கணினி பூட்டுகிறவருக்கு மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அறையின் வெப்பநிலை என்ன என்பதே அது. குளிரூட்டிய அறையில், 22 பாகையில் நிலைத்து நின்ற செட்டிங், தகரக் கூரைக்குக் கீழே 35 பாகையில் நிற்கும் என்று எவரும் உறுதி தர முடியாது.

காரணம் எளிது. ரேம் சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசைகளையும் மறுபடி நிரப்ப வேண்டும், சராசரியாக 7.8 மைக்ரோசெக்கனுக்கு ஒரு முறை அந்தக் கட்டளை போகிறது. சூடு ஏறினால் கசிவு கூடும். சிப்பின் வெப்பநிலை 85 பாகையைத் தாண்டினால் இரு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது நினைவகத் தர நிர்ணயத்திலேயே இருக்கும் விதி. ஓவர்கிளாக் செய்கிறவர் டைமிங்கை (ஒவ்வொரு வேலைக்கும் ரேம் காத்திருக்கும் நேரத்தை) இறுக்கி, தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளியைத் தின்றுவிடுகிறார். அதனால் அவருக்கு 85 வரை அவகாசம் இல்லை. இறுக்கமான செட்டிங் 50 பாகையிலேயே பிழை காட்டத் தொடங்கலாம்.

எனவே இந்த வழிகாட்டியில் எல்லா முடிவுகளும் வெயிலை மனத்தில் வைத்தே எடுக்கப்படுகின்றன. அதிகம் பேசுவது டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறை பற்றித்தான். பாவித்த சந்தையில் பரவலாகக் கிடைப்பதும், குறைந்த பணத்தில் ஓவர்கிளாக் செய்து பார்க்க ஏற்றதும் இன்னும் அதுதான். 2025 இறுதி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை உலகெங்கும் ஏறிய பிறகு, பாவித்த ரேமை ஒதுக்கிவிட்டுப் பேசவும் முடியாது.

ரேமுக்கு முன் மதர்போர்ட்

நல்ல ரேமை வாங்கிவிட்டு, போர்ட் அதை 2666 வேகத்துக்கு மேல் ஓட விடாது என்று பிறகு தெரிந்துகொள்வது மிகப் பொதுவான வீண்செலவு. இன்டெல்லில் எச்410, எச்510, எச்610 ஆகிய மலிவுப் போர்டுகளில் நினைவக ஓவர்கிளாக் கிடையாது. பி வரிசையிலும் பி460 வரை கிடையாது. 2021இல் வந்த பி560இல் இருந்துதான் அந்த வசதியைத் திறந்துவிட்டார்கள். ஐ5-10400ஐ பி460 போர்டில் போட்டால் 3600 ரேமும் 2666இல்தான் ஓடும். 12ஆம் தலைமுறையில் பெயரின் இறுதியில் 'கே' இல்லாத புரொசெசர் என்றால் இன்னொரு தடை உண்டு: சிஸ்டம் ஏஜென்ட் வோல்ட்டேஜ் (நினைவகக் கட்டுப்படுத்திக்குப் போகும் மின்னழுத்தம்) பூட்டப்பட்டிருக்கும். பி660 போர்ட் அனுமதித்தாலும், டிடிஆர்4ஐ கியர் 1இல் (கட்டுப்படுத்தியும் ரேமும் ஒரே வேகத்தில் ஓடும் நிலையில்) 3200, 3466 அளவுக்கு மேல் கொண்டுபோவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஏஎம்டி பக்கம் கை தாராளம். பி350, பி450, பி550 எல்லாம் திறந்தவை. ஏ520 போர்டில் புரொசெசரை ஏற்ற முடியாது, ரேமை ஏற்றலாம். ஆனால் முதல் தலைமுறை ரைசனின் நினைவகக் கட்டுப்படுத்தி பலவீனமானது. அதில் 3200ஐ எட்டினாலே திருப்திப்பட வேண்டும். 2019இல் வந்த ரைசன் 3000 வரிசையில் இருந்துதான் இந்த விளையாட்டு உண்மையில் சுவைக்கிறது.

ரைசனில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். புரொசெசருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பும் நினைவகமும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றை மட்டும் விரட்டினால் வண்டி இழுபடும். 3600 என்று எழுதிய ரேம் உண்மையில் 1800 மெகாஹேர்ட்ஸில் துடிக்கிறது. ஃபேப்ரிக்கும் 1800இல் ஓடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ரைசன் 3000, 5000 வரிசைகளில் ஏறக்குறைய எல்லாப் புரொசெசர்களும் 1800ஐத் தாங்கும். 1900 சிலவற்றில் மட்டும் நிற்கும். அதற்கும் மேலே போய் இந்தப் பொருத்தம் உடைந்தால், பெரிய எண் இருந்தும் தாமதம் கூடிவிடும். அதனால்தான் 4000, 4400 என்று மினுக்கும் ரேமுக்கு இந்த வரிசையில் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இலக்கு 3600. அது போதும்.

எத்தனை, எவ்வளவு

இரண்டு 8 ஜிபி. ஒற்றை 16 ஜிபி வேண்டாம். ஒரு 3200 ரேம் தனியாகச் செக்கனுக்கு 25.6 ஜிபி தரவு கடத்தும். சோடியாகப் போட்டால் 51.2. ரைசன் 5 5600ஜி போன்று புரொசெசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ளவற்றில், கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பகிர்கிறது. அங்கே ஒற்றை ரேமில் இருந்து சோடிக்கு மாறுவது தரும் பலனை எந்த ஓவர்கிளாக்கும் தராது. தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் உள்ளவர்களுக்கு, உண்மையைச் சொன்னால், 3200இல் இருந்து 3600க்கு ஏறுவதில் பெரும்பாலான விளையாட்டுகளில் சில சதவீதம்தான் கிடைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்கிறவர் அந்தப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சேர்ப்பது நல்லது.

"இப்போது ஒன்றை வாங்குவோம், சீட்டு எடுத்ததும் மற்றதை வாங்குவோம்" என்ற திட்டம் நம் ஊர்களில் வழக்கம். சாதாரணப் பாவனைக்குக் குற்றமில்லை. ஓவர்கிளாக் செய்ய நினைத்தால் தவிர்க்கவும். ஒரே பெயர், ஒரே எண் உள்ள ரேமிலேயே ஆறு மாதம் கழித்து வேறு நிறுவனத்தின் சிப் இருக்கக்கூடும். இரண்டில் பலவீனமானது எதுவோ அதற்குத்தான் மற்றதும் இறங்கி வர வேண்டும்.

பெட்டியில் உள்ள எண்ணைப் படித்தல்

வேகம் ஒன்று, சிஎல் என்று எழுதிய எண் (கேட்ட தரவு வரக் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) மற்றொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் உண்மையான தாமதம் நானோசெக்கனில் வரும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோசெக்கன். 3600 சிஎல்18உம் சரியாக 10. 3000 சிஎல்15உம் அதே 10. ஆனால் ஹீட் ஸ்பிரெடர் (சூட்டைப் பரப்பும் உலோக உறை) இல்லாமல் பச்சைப் பலகையாக வரும் 3200 சிஎல்22இன் தாமதம் 13.75; பழைய 2666 சிஎல்19இல் 14.25.

3200 என்று எழுதிய இரண்டு ரேம்களுக்கு இடையில் விலை வித்தியாசம் இருப்பது ஏன் என்ற கேள்விக்கு இதில்தான் விடை. சிஎல்22 ரேம் 1.2 வோல்ட்டில் ஓடும் சாதாரணத் தரம். சிஎல்16 ரேம் 1.35 வோல்ட்டில் ஓடுமாறு சோதித்துத் தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் சிறிதென்றால் யோசிக்காமல் 3200 சிஎல்16 சோடியை எடுங்கள். 3600 சிஎல்18 அதே விலைக்குக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம். நீங்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தொழிற்சாலையே செய்து தந்திருக்கிறது.

உள்ளே எந்தச் சிப்

ஸ்டிக்கரில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்பை உலகில் பெரும்பாலும் மூன்று நிறுவனங்கள்தான் செய்கின்றன: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஓவர்கிளாக்கில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்தச் சிப்தான் தீர்மானிக்கிறது. நிறமும் விளக்கும் அல்ல.

சாம்சங்கின் பி-டை (டை என்பது சிப்பின் வடிவமைப்பு வகை) டிடிஆர்4 காலத்தின் அரசன். வோல்ட்டேஜ் கொடுக்கக் கொடுக்க டைமிங் இறுகிக்கொண்டே போகும். ஆனால் அதற்குச் சூடு ஆகாது. இறுக்கமான டைமிங்கில் 45, 50 பாகையைத் தாண்டும்போது பிழை காட்டும் குணம் அதற்கு உண்டு. விலையும் அதிகம். ஆகவே வன்னியில் மலிவாகக் கணினி பூட்டுகிறவருக்கு அது பொருத்தமில்லை என்பது என் முடிவு. பாவித்ததில் மலிவாக அகப்பட்டால் விட்டுவிடவும் வேண்டாம்.

நமக்கு உகந்தது மைக்ரானின் இ-டை. குரூசியல் பாலிஸ்டிக்ஸ் 3000 சிஎல்15, 3200 சிஎல்16 என்ற மலிவு ரேம்களில் வந்தது இதுதான். சூட்டை நன்றாகத் தாங்கும், 3600க்குச் சிரமமின்றி ஏறும். ஒரே குறை, டிஆர்சிடி என்ற இரண்டாவது டைமிங் எண் எவ்வளவு வோல்ட்டேஜ் கொடுத்தாலும் அவ்வளவாக இறங்காது. பாலிஸ்டிக்ஸ் வரிசையை மைக்ரான் 2022இல் நிறுத்திவிட்டதால் இப்போது பாவித்ததாகத்தான் கிடைக்கும். அடுத்த இடம் ஹைனிக்ஸ் சிஜேஆர், டிஜேஆர் சிப்களுக்கு. இவையும் 3600ஐ எளிதாக எட்டும். சாம்சங் சி-டை கடைசி இடத்தில், 1.35 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் நிலைமை மோசமாவதும் உண்டு.

வாங்கும் முன் சிப்பை அறிவது எப்படி? கோர்சேர் ரேமின் ஸ்டிக்கரில் 'வெர்' என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் 3 என்றால் மைக்ரான், 4 சாம்சங், 5 ஹைனிக்ஸ். மற்ற நிறுவனங்களின் ரேம்களில் கணினியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்: சிபியு-இசட் மென்பொருள் சிப் நிறுவனத்தின் பெயரைக் காட்டும், தைஃபூன் பர்னர் டை வகையையும் பெரும்பாலும் காட்டும். ஹீட் ஸ்பிரெடரை நெம்பித் திறந்து பார்க்காதீர்கள். சிப்பே பெயர்ந்து வந்துவிடலாம், உத்தரவாதமும் போய்விடும்.

ஹீட் ஸ்பிரெடர் இல்லாத 8 ஜிபி ரேமில் சிப்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் நல்லது. நான்கு மட்டும் இருந்தால் அது பதினாறு பிட் அகலச் சிப். உள்ளே வங்கித் தொகுதிகள் (தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) நான்குக்குப் பதில் இரண்டுதான். அதே வேகம், அதே சிஎல் எழுதியிருந்தாலும் வேலையில் மெதுவாக இருக்கும். மலிவுக் கணினிகளில் இந்த நான்கு சிப் ரேம்கள் நிறைய உலவுகின்றன.

கொழும்பா, வவுனியாவா, பாவித்ததா

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சற்றுக் குறையலாம். ஆனால் கிளிநொச்சியில் இருப்பவருக்குக் கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். ரேம் பழுதானால் கூரியர் செலவு, காத்திருப்பு, ரேம் இல்லாமல் முடங்கிக் கிடக்கும் கணினி என எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வித்தியாசம் ஒரு பஸ் டிக்கெட் அளவுதான் என்றால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஏ9 வீதியில் உள்ள கடையில் வாங்கிவிடுவதே மேல். மாற்றித் தரும் கால எல்லையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த எல்லைக்குள்தான் கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் முடிய வேண்டும்.

பாவித்த ரேம் வாங்குவதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. அசையும் பாகம் இல்லாத பொருள். வேலை செய்தால் நீண்ட காலம் செய்யும். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், விற்பவரின் கணினியிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். 'சேர்வர் ரேம், பாதி விலை' என்று வருவதைத் தொடவே வேண்டாம். ரெஜிஸ்டர்டு வகை என்றால் வீட்டு மதர்போர்டில் கணினி துவங்காது. பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் கறுப்போ பச்சையோ படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டுதல்

நான்கு துளைகள் உள்ள போர்டில் புரொசெசரில் இருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். முதலாவதும் மூன்றாவதும் ஓடும், ஆனால் ஓவர்கிளாக் தாங்காது. ரேமைத் தொடும் முன் கணினிப் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் செம்மண் புழுதி துளைக்குள்ளும் போயிருக்கும். தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு செருகுங்கள்.

ஏற்றுதல்

முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். நிலையற்ற ரேம் கணினியை உடனே நிறுத்துவதில்லை. பல நாள் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் படிக்கும் மாணவர் இறுதி ஆண்டு அறிக்கை வைத்திருக்கும் கணினியில் நகலின்றி இதைத் தொடக்கூடாது.

முதலில் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (ரேமிலேயே பதிந்துள்ள வேக அமைப்பை) இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் இதே வசதிக்கு டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று போர்டுக்கு ஒரு பெயர். இதை இயக்காமல் 3200 ரேமைப் பல வருடங்கள் 2133இலோ 2400இலோ ஓட்டுகிறவர்கள் ஏராளம். எழுதியுள்ள வேகத்திலேயே ரேம் பிழையின்றி ஓடுகிறதா என்று ஓர் இரவு சோதியுங்கள். இங்கேயே பிழை வந்தால் முதலில் பயோஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

அது முடிந்ததும், ரைசன் 5 5600, பி450 போர்ட், 3200 சிஎல்16 சோடி என்று வைத்துக்கொண்டு போவோம். ரேம் வோல்ட்டேஜ் 1.40. வேகம் 3600. ஃபேப்ரிக் 1800, தானியங்கியில் விடாமல் கையால் எழுதுங்கள். எஸ்ஓசி வோல்ட்டேஜ் (புரொசெசருக்குள் நினைவகக் கட்டுப்படுத்தி உள்ள பகுதிக்கானது) 1.1. டைமிங்கைத் தளர்த்தி 18-22-22-42 என்று வையுங்கள்; முதல் எண்தான் சிஎல். கியர் டவுன் மோட் இயங்கட்டும். அது இயங்கும்போது ஒற்றைப்படை சிஎல் எண்ணை போர்ட் அடுத்த இரட்டைப்படைக்கு உயர்த்திவிடும், ஆகவே 15, 17 என்று போராடுவதில் பயனில்லை. சேமித்து வெளியேறுங்கள். போர்ட் சில முறை அணைந்து எரியலாம். அது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பதறி வயரைப் பிடுங்கக் கூடாது. பல நிமிடம் திரை வராவிட்டால் அணைத்து, வயரைக் கழற்றி, சிமோஸ் பேட்டரியைச் சற்று எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

துவங்கினால் விண்டோஸுக்குப் போகாமல் நேரே மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். ஒரு சுற்று தேறியபின்தான் விண்டோஸ். பிறகு டைமிங்கை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. 18ஐ 16 ஆக்குங்கள். நின்றால் முதல் 22ஐ 20, பிறகு 19. அடுத்த 22ஐயும் அப்படியே. மைக்ரான் இ-டை, ஹைனிக்ஸ் சிஜேஆர் இரண்டும் பொதுவாக 16-19-19 சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பலன் அதிகம் தருவது அதற்குக் கீழே உள்ள எண்களில் இருக்கிறது. டிஆர்எஃப்சி என்பது முன்பு சொன்ன மறுநிரப்பலுக்கு ஒவ்வொரு முறையும் ஒதுக்கும் நேரம். அந்த நேரத்தில் ரேம் வேறு வேலை செய்யாது. எட்டு ஜிகாபிட் சிப்புக்குத் தர நிர்ணயம் 350 நானோசெக்கன், அதாவது 3600 வேகத்தில் 630 சுழற்சிகள். இ-டையில் இதை 300 நானோசெக்கன் வரை, அதாவது 540க்கு, பெரும்பாலும் இறக்கலாம். இருபது இருபதாக இறக்குங்கள். அடுத்தடுத்து வரிசைகளைத் திறக்கும் இடைவெளிகளான டிஆர்ஆர்டிஎஸ் 4, டிஆர்ஆர்டிஎல் 6, டிஎஃப்ஏடபிள்யூ 16 என்று வைப்பதும் செலவில்லாத வேகம். ஆனால் டிஆர்எஃப்சிதான் சூட்டுக்கு முதலில் பணியும் எண். இரவில் 500இல் நின்றது என்று மகிழ்ந்து படுக்க வேண்டாம். ஜென்டைமிங்ஸ் மென்பொருளில் எல்லா எண்களையும் ஒரே திரையில் பார்த்துப் படம் பிடித்து வையுங்கள்.

வோல்ட்டேஜுக்கு என் எல்லை 1.45. குளிர் நாட்டுக்காரர் 1.5 என்று எழுதுவார். அவருடைய அறை வேறு.

நண்பகல் சோதனை

சோதனையை வெயில் உச்சத்தில், பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் செய்யுங்கள். கணினிப் பெட்டியின் பக்கப் பலகையை மூடுங்கள். அறையின் மின்விசிறியை நிறுத்துங்கள். முதலில் பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு பெட்டிக்குள் நிறைய விடுங்கள். அந்தச் சூட்டோடு டெஸ்ட்மெம்5 என்ற விண்டோஸ் ரேம் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். மலிவு ரேம்களில் வெப்ப உணரி பெரும்பாலும் இருக்காது, ஆகவே எத்தனை பாகை என்று திரையில் தெரியாது. பிழை வருகிறதா இல்லையா என்பதே அளவுகோல். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விட்டுவிடக் கூடாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு மேலாக வரும் சூடு ரேமில் அடிப்பதுதான் காரணம் என்று தெரிந்தால், பழைய 80 மில்லிமீற்றர் விசிறி ஒன்றை ரேமுக்கு நேரே கட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டியிலேயே மிக மலிவான மேம்பாடு அதுதான்.

தேறிய செட்டிங்கைப் பயோஸில் புரொஃபைலாகச் சேமித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுங்கள். மின்னல் காலத்தில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், வயரைக் கழற்றி வைப்பவர்கள் நம்மில் அதிகம். சிமோஸ் பேட்டரி பழையதென்றால் ஒவ்வொரு முறையும் செட்டிங் அழிந்துவிடும். பேட்டரியை மாற்ற அதிகம் செலவாகாது. சோதனை ஓடும்போது மின்சாரம் போனால் கணக்குத் தவறும் என்பதால் சிறிய யூபிஎஸ் ஒன்று உதவும்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாக: ரைசன் 7000, 9000 வரிசைகளில் இலக்கு 6000, முடிந்தால் சிஎல்30, அங்கும் கணக்குப் போட்டால் அதே 10 நானோசெக்கன்தான் வரும். ஹைனிக்ஸ் சிப் உள்ளதைத் தேடுங்கள். டிடிஆர்5இல் வோல்ட்டேஜைச் சீராக்கும் பாகம் ரேமிலேயே இருப்பதால் சூடு இன்னும் கூடுதல். எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3ஐத் தாண்டக் கூடாது; 2023இல் புரொசெசர்கள் கருகிய பிறகு ஏஎம்டியே வைத்த எல்லை அது. முதல் துவக்கத்துக்குப் பல நிமிடங்கள் எடுக்கும். கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம்.

மாதங்கள் கழித்துப் பிழை வந்தால்

விளையாட்டு காரணமின்றி மூடுவது, பதிவிறக்கிய கோப்பு விரிய மறுப்பது, நீலத்திரை ஆகியவை அறிகுறிகள். விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் ரேமைச் சந்தேகியுங்கள். பின்வாங்கும் வரிசை இது: முதலில் டிஆர்எஃப்சியை 40 கூட்டுங்கள். பிறகு 16ஐ 18 ஆக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேகத்தை 3466க்கும் ஃபேப்ரிக்கை 1733க்கும் இறக்குங்கள். எக்ஸ்எம்பியிலும் பிழை வந்தால் ரேம்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்து, கெட்டது எது என்று கண்டுபிடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். சோடியாக வாங்கியதைச் சோடியாகவே கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தந்தால் அதே சிப் வரும் என்பது நிச்சயமில்லை.